பாக்டீரியாக்களில் குளூட்டமின் சிந்தெடேசு நெறிப்படுத்தல்

குளூட்டமின் சிந்தெடேசு என்பது அமோனியாவைக் குளூட்டமேட்டு என்னும் அமினோ அமிலத்துடன் இணைத்துக் குளூட்டமினை உருவாக்கும் நொதியாகும். பாக்டீரியாக்கள் சூழலிலிருந்து பெறும் நைட்ரசனைத் தம் உடற்பொருளாக மாற்றும் பாதையின் தொடக்கத்தில் இந்நொதி அமைந்துள்ளது. எனவே இதன் அளவும் செயல்வேகமும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பல நிலைகளில் நெறிப்படுத்தப்படுகின்றன. மனிதக் குடலில் வாழும் எசரிக்கியா கோலி என்னும் பாக்டீரியாவில் இந்நெறிப்படுத்தல் மிக விரிவாக ஆராயப்பட்டுள்ளது. நைட்ரசன் குறையும்போது இந்நொதியை முடுக்குவது எவ்வளவு தேவையோ, நைட்ரசன் திடீரெனப் பெருகும்போது அதனை விரைந்து அடக்குவதும் அவ்வளவு தேவை என்பதை இவ்வாய்வுகள் காட்டின.

நைட்ரசன் உள்வாங்கல்

புரதங்கள், டி.என்.ஏ, ஆர்.என்.ஏ ஆகியவற்றை உருவாக்க எல்லா உயிரணுக்களுக்கும் நைட்ரசன் தேவை. எசரிக்கியா கோலி பெரிதும் விரும்பும் நைட்ரசன் மூலம் அமோனியா ஆகும். உயிரணுவினுள் அமோனியா இரண்டு பாதைகளில் உள்வாங்கப்படுகிறது.

முதற்பாதையில் குளூட்டமேட்டு டீஐட்ரசனேசு என்னும் நொதி, அமோனியாவை 2-ஆக்சோகுளூட்டரேட்டு என்னும் கார்பன் சேர்மத்துடன் நேரடியாக இணைத்துக் குளூட்டமேட்டை உருவாக்குகிறது. இதற்கு அடினோசின் முப்பாசுபேட்டு செலவாவதில்லை. ஆனால் இந்நொதிக்கு அமோனியாவின்மீது நாட்டம் குறைவு. ஆகவே அமோனியா மிகுந்துள்ளபோது மட்டுமே இப்பாதை நன்கு பயன்படுகிறது.

இரண்டாம் பாதையில் இரு நொதிகள் அடுத்தடுத்துச் செயல்படுகின்றன. முதலில் குளூட்டமின் சிந்தெடேசு பின்வரும் வினையை நிகழ்த்துகிறது:

குளூட்டமேட்டு + அமோனியா + அடினோசின் முப்பாசுபேட்டு → குளூட்டமின் + அடினோசின் இருபாசுபேட்டு + பாசுபேட்டு

பின்னர் குளூட்டமேட்டு சிந்தேசு என்னும் நொதி, குளூட்டமினிலுள்ள அமைடு நைட்ரசனை 2-ஆக்சோகுளூட்டரேட்டுக்கு மாற்றி இரண்டு குளூட்டமேட்டு மூலக்கூறுகளைத் தருகிறது. அவற்றுள் ஒன்று மீண்டும் சுழற்சிக்குள் செல்கிறது. மற்றொன்று உயிரணுவின் நிகர வரவாகும். இப்பாதை அமோனியா மிகக் குறைவாக இருக்கும்போதும் இயங்கும். ஆனால் உள்வாங்கப்படும் ஒவ்வொரு நைட்ரசன் அணுவுக்கும் ஓர் அடினோசின் முப்பாசுபேட்டு செலவாகிறது.

உயிரணுவிலுள்ள நைட்ரசனின் பெரும்பகுதி குளூட்டமேட்டின் வழியாகவும் எஞ்சிய பகுதி குளூட்டமினின் வழியாகவும் பிற சேர்மங்களுக்குச் செல்கிறது. குளூட்டமேட்டுக்கு வேறொரு பணியும் உண்டு. குளுக்கோசில் வளரும் எசரிக்கியா கோலியில் இதன் செறிவு சுமார் 100 மில்லிமோலார் ஆகும். குளூட்டமினின் செறிவு சுமார் 4 மில்லிமோலார் மட்டுமே. உயிரணுவினுள் மிகுதியாக உள்ள பொட்டாசியம் நேரயனிகளைச் சமன்செய்யும் முதன்மையான எதிரயனியாகவும் குளூட்டமேட்டு விளங்குகிறது. ஆகவே குளூட்டமேட்டின் இருப்பு திடீரெனக் குறைவது உயிரணுவுக்குத் தீங்கானது.

நொதியின் அமைப்பு

எசரிக்கியா கோலியின் குளூட்டமின் சிந்தெடேசு ஒரே மாதிரியான 12 துணையலகுகளைக் கொண்டது. ஆறு துணையலகுகள் சேர்ந்து ஒரு வளையமாகின்றன. இத்தகைய இரு வளையங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருந்தியுள்ளன. ஒவ்வொரு துணையலகின் மூலக்கூற்று நிறை ஏறக்குறைய 52,000 ஆகவும், முழு நொதியின் நிறை ஏறக்குறைய 6,00,000 ஆகவும் உள்ளன. அடுத்தடுத்த துணையலகுகள் சந்திக்கும் இடங்களில் செயல்மையங்கள் அமைந்துள்ளன. எசரிக்கியா கோலியின் நெருங்கிய உறவான சால்மோனெல்லாவின் நொதியைக் கொண்டு, இதன் முப்பரிமாண அமைப்பை டேவிட் ஐசன்பர்க்கின் குழுவினர் 1986 இல் ஊடுகதிர்ப் படிகவியல் முறையில் வெளியிட்டனர்.

கண்டறிந்த வரலாறு

விலங்குத் திசுக்களில் குளூட்டமின் உருவாவதை ஆன்சு கிரெப்சு 1935 இல் விவரித்தார். பாக்டீரிய நொதியின் நெறிப்படுத்தல் பற்றிய ஆய்வுகள் 1960களில் இரு இடங்களில் முன்னேறின. ஐக்கிய அமெரிக்காவின் பெத்தெசுடாவிலுள்ள தேசிய நலவாழ்வு நிறுவனங்களில் ஏர்ல் இசுடாட்மனின் குழுவினர் இந்நொதியின் பின்னூட்டத் தடையை ஆராய்ந்தனர். செருமனியின் பிரைபர்க்கில் எல்முட் ஓல்சரின் குழுவினர், நைட்ரசன் குறைந்த ஊடகத்தில் வளர்ந்த பாக்டீரியாவுக்கு அமோனியாவைக் கொடுத்தவுடன் இந்நொதி விரைவில் செயலிழப்பதைக் கண்டனர். நொதியைச் செயலிழக்கச் செய்யும் மற்றொரு நொதி இருப்பதை அவர்கள் 1966 இல் அறிவித்தனர். செயலிழப்புக்குக் காரணம் நொதியின்மீது ஓர் அடினைலைல் தொகுதி சகப்பிணைப்பால் ஏற்றப்படுவதே என்பது 1967 இல் இரு குழுக்களின் ஆய்வுகளாலும் தெளிவானது.

ஏற்றப்பட்ட தொகுதியை நீக்கும் புரதங்களை ஆராய்ந்தபோது, அவை இரு பகுதிகளாகப் பிரிவது தெரிந்தது. அவற்றுக்குப் பி-1, பி-2 என்று பெயரிடப்பட்டன. பி-1 அடினைலைல் மாற்றி நொதியாகும். பி-2 எந்த வினையையும் தானே நிகழ்த்தாத, பிற நொதிகளை நெறிப்படுத்தும் புரதம் என்பது பின்னர் அறியப்பட்டது. பிரிப்பு வரிசையில் வந்த அப்பெயரே அப்புரதத்துக்கு நிலைத்துவிட்டது. இரண்டாம் பாதையின் மற்றொரு நொதியான குளூட்டமேட்டு சிந்தேசு 1970 இல் கண்டறியப்பட்டது.

நெறிப்படுத்தும் நிலைகள்

திரள் பின்னூட்டத் தடை

குளூட்டமினிலிருந்து நைட்ரசனைப் பெற்று உருவாகும் இறுதிப்பொருள்கள் பல. டிரிப்டோபான், இசுட்டிடின், கார்பமாயில் பாசுபேட்டு, குளுக்கோசமீன்-6-பாசுபேட்டு, சைட்டிடின் முப்பாசுபேட்டு, அடினோசின் ஒற்றைப்பாசுபேட்டு ஆகியவை அவற்றுள் அடங்கும். இவை ஒவ்வொன்றும் குளூட்டமின் சிந்தெடேசை ஓரளவு தடுக்கின்றன. அலனின், கிளைசின் போன்ற அமினோ அமிலங்களும் இதனைத் தடுக்கின்றன.

இங்கு எந்த ஒரு பொருளும் தனித்து நொதியை முழுமையாக நிறுத்துவதில்லை. ஒரு தடுப்பான், தனக்கு முன் எஞ்சியுள்ள செயலில் ஒரு பங்கை மட்டுமே குறைக்கிறது. எடுத்துக்காட்டாக, நான்கு பொருள்கள் தனித்தனியே 16%, 14%, 13%, 41% தடையை விளைவிப்பதாகக் கொள்வோம். அப்போது எஞ்சும் செயலளவுகள் முறையே 84%, 86%, 87%, 59% ஆகும். இவற்றைப் பெருக்கினால் சுமார் 37% கிடைக்கிறது. அதாவது நான்கும் சேர்ந்து விளைவிக்கும் தடை 63% ஆகும்.

இம்முறையின் பயன் வெளிப்படையானது. டிரிப்டோபான் மட்டும் மிகுந்துவிட்டால் நொதி முழுவதும் நின்றுவிடுமானால், இசுட்டிடினும் நியூக்கிளியோட்டைடுகளும் உருவாக வழியிராது. பல கிளைகளுக்கு நீர் தரும் ஒரு வாய்க்காலில், ஒரு வயல் நிறைந்ததற்காகத் தலைமடையை அடைக்க முடியாது. எல்லா வயல்களும் நிறைய நிறையவே படிப்படியாக அடைக்க வேண்டும்.

அடினைலேற்றம்

அடினைலைல் மாற்றி நொதி, அடினோசின் முப்பாசுபேட்டிலிருந்து அடினோசின் ஒற்றைப்பாசுபேட்டுப் பகுதியை எடுத்து, குளூட்டமின் சிந்தெடேசின் துணையலகில் 397 ஆம் இடத்திலுள்ள தைரோசினுடன் இணைக்கிறது. இதுவே அடினைலேற்றம் எனப்படுகிறது. அடினைலேற்றப்பட்ட துணையலகு, உயிரணுவில் நிலவும் மக்னீசியம் சூழலில் செயலற்றதாகிறது. அடினைலேற்றம் மிகும்போது நொதி பின்னூட்டத் தடைக்கும் மேலும் எளிதில் ஆட்படுகிறது.

ஒரு நொதி மூலக்கூறில் 12 துணையலகுகள் இருப்பதால், 0 முதல் 12 வரை எத்தனை தொகுதிகளும் ஏற்றப்படலாம். அவை அமையக்கூடிய இடங்களையும் கணக்கில் கொண்டால் 382 வேறுபட்ட மூலக்கூற்று வடிவங்கள் சாத்தியமாகும். எனவே இது விளக்கை ஏற்றி அணைப்பது போன்ற இருநிலைச் செயலன்று. மொத்த நொதியின் செயல் சிறிது சிறிதாகக் கூடவோ குறையவோ முடியும்.

ஏற்றிய தொகுதியை நீக்குவதும் இதே அடினைலைல் மாற்றி நொதிதான். இதன் ஒரு பகுதி ஏற்றும் பணியையும், மற்றொரு பகுதி நீக்கும் பணியையும் செய்கின்றன. நீக்கும் வினையில் பாசுபேட்டு பயன்பட்டு அடினோசின் இருபாசுபேட்டு வெளிப்படுகிறது. இவ்விரு பணிகளும் ஒரே நேரத்தில் கட்டுப்பாடின்றி நடந்தால் ஆற்றல் வீணாகும். எப்பணி நடைபெற வேண்டும் என்பதைப் பி-2 புரதமும் குளூட்டமினும் முடிவு செய்கின்றன.

பி-2 புரதம்

பி-2 புரதம் 112 அமினோ அமிலங்களைக் கொண்ட மூன்று துணையலகுகளால் ஆனது. ஒவ்வொரு துணையலகிலிருந்தும் ஒரு வளைவு வெளியே நீண்டுள்ளது. அவ்வளைவில் 51 ஆம் இடத்திலுள்ள தைரோசினின்மீது யூரிடின் ஒற்றைப்பாசுபேட்டு ஏற்றப்படலாம். ஏற்றுவதும் நீக்குவதும் யூரிடைலைல் மாற்றி என்னும் ஒரே நொதியின் பணிகள்.

உயிரணுவின் குளூட்டமின் அளவை உணர்வது இந்த யூரிடைலைல் மாற்றியே. குளூட்டமின் குறைந்தால் இது பி-2 புரதத்தின்மீது யூரிடைல் தொகுதியை ஏற்றுகிறது. குளூட்டமின் மிகுந்தால் அத்தொகுதியை நீக்குகிறது. இதன் விளைவுகள் வருமாறு:

* யூரிடைல் ஏறிய பி-2 புரதம், குளூட்டமின் சிந்தெடேசிலிருந்து அடினைலைல் தொகுதியை நீக்கத் தூண்டுகிறது. நொதி முடுக்கம் பெறுகிறது.
* யூரிடைல் ஏறாத பி-2 புரதம், குளூட்டமினுடன் சேர்ந்து அடினைலேற்றத்தைத் தூண்டுகிறது. நொதி அடங்குகிறது.

பி-2 புரதம் 2-ஆக்சோகுளூட்டரேட்டையும் அடினோசின் பாசுபேட்டுகளையும் தன்னுடன் நேரடியாகப் பிணைத்துக்கொள்கிறது. 2-ஆக்சோகுளூட்டரேட்டின் அளவு, நைட்ரசனை ஏற்கக் காத்திருக்கும் கார்பன் எவ்வளவு என்பதைக் குறிக்கிறது. ஆகவே நைட்ரசன், கார்பன், ஆற்றல் ஆகிய மூன்றின் நிலையும் இச்சிறு புரதத்தில் ஒன்றுசேர்கின்றன. பி-2 குடும்பப் புரதங்கள் பாக்டீரியாக்களில் மட்டுமன்றி ஆர்க்கியாக்களிலும் தாவரப் பசுங்கணிகங்களிலும் காணப்படுகின்றன.

மரபணு நிலை

மேற்கூறியவை ஏற்கனவே உருவான நொதியின் செயலை மாற்றுகின்றன. நொதி எவ்வளவு உருவாக வேண்டும் என்பது மரபணுப் படியெடுப்பின்போது முடிவாகிறது. இதனை மாசச்சூசெட்சு தொழில்நுட்பக் கழகத்தில் போரிசு மகசானிக்கின் குழுவினரும், கலிபோர்னியாவில் சிட்னி குசுட்டுவின் குழுவினரும் பெரிதும் ஆராய்ந்தனர்.

என்டிஆர்-பி, என்டிஆர்-சி என்னும் இரு புரதங்கள் இதில் பங்கேற்கின்றன. குளூட்டமின் குறைந்திருக்கும்போது என்டிஆர்-பி தன்மீதே ஒரு பாசுபேட்டை ஏற்றி, அதனை என்டிஆர்-சிக்கு வழங்குகிறது. குளூட்டமின் மிகுந்திருக்கும்போது, யூரிடைல் ஏறாத பி-2 புரதம் என்டிஆர்-பியுடன் பிணைகிறது. அப்போது என்டிஆர்-பி, என்டிஆர்-சியிலிருந்து பாசுபேட்டை நீக்கும் பணிக்கு மாறுகிறது. இப்பாசுபேட்டுக் கைமாற்றம் 1986 இல் மெய்ப்பிக்கப்பட்டது. பாக்டீரியாக்களின் இருகூற்று அமைப்புகளுள் முதன்முதலில் விளக்கம் பெற்றவற்றுள் இதுவும் ஒன்று.

பாசுபேட்டு ஏறிய என்டிஆர்-சி, நொதியின் மரபணு தொடங்கும் இடத்துக்கு 100 காரங்களுக்கும் அப்பால் டி.என்.ஏவில் அமர்கிறது. இடையிலுள்ள டி.என்.ஏ வளைந்து கொடுப்பதால், தொடக்க இடத்தில் காத்திருக்கும் ஆர்.என்.ஏ பாலிமரேசை அது தொட முடிகிறது. இந்தப் பாலிமரேசு, சிக்மா-54 என்னும் சிறப்புத் துணையலகைக் கொண்டது. வழக்கமான சிக்மா-70 வகைப் பாலிமரேசைப் போல இது டி.என்.ஏ இழைகளைத் தானே பிரித்துப் படியெடுப்பைத் தொடங்காது. என்டிஆர்-சி அடினோசின் முப்பாசுபேட்டைச் சிதைத்துத் தரும் ஆற்றலைக் கொண்டே தொடங்கும். என்டிஆர்-சி அமரும் இடங்களை ஆயிரம் காரங்களுக்கு அப்பால் நகர்த்தினாலும் அவை செயல்பட்டதும் 1986 இல் கண்டறியப்பட்டது. தொலைவிலிருந்து செயல்படும் இத்தகைய வரிசைகள் அதற்கு முன் உயர் உயிரினங்களிலும் அவற்றைத் தாக்கும் தீநுண்மங்களிலுமே நன்கு அறியப்பட்டிருந்தன.

நைட்ரசன் தட்டுப்பாட்டின்போது குளூட்டமின் சிந்தெடேசின் மரபணு மட்டுமன்றி வேறு பல மரபணுக்களும் இவ்வாறு இயக்கம் பெறுகின்றன. மாற்று நைட்ரசன் மூலங்களைத் தேடிக் கொண்டுவரும் கடத்திகளின் மரபணுக்கள் அவற்றுள் முதன்மையானவை. எசரிக்கியா கோலியின் மரபணுக்களில் ஏறக்குறைய 2% இவ்வமைப்பின் கட்டுப்பாட்டில் இருப்பதாக 2000 இல் வெளியான ஆய்வு காட்டியது.

அமோனியாக் கால்வாய்

எசரிக்கியா கோலியில் பி-2 புரதத்துக்கு ஜிஎல்என்-கே என்னும் உடன்பிறப்புப் புரதம் ஒன்றும் உள்ளது. இது நைட்ரசன் தட்டுப்பாட்டின்போது உருவாகிறது. இதனுடன் ஒரே மரபணுத் தொகுதியில் உள்ள ஏஎம்டி-பி என்னும் சவ்வுப் புரதம், அமோனியாவை உள்ளே விடும் கால்வாயாகும். வெளியே அமோனியா திடீரெனப் பெருகினால், யூரிடைல் நீங்கிய ஜிஎல்என்-கே இக்கால்வாயின் உட்புற வாயில்களை அடைத்துவிடுகிறது. இவ்விரு புரதங்களும் இணைந்த அமைப்பு 2007 இல் வெளியானது. பி-2 புரதத்தின் வளைவு கால்வாயினுள் செருகிக்கொள்வதை அது காட்டியது.

நெறிப்படுத்தல் தவறினால்

இத்தனை நிலைகள் ஏன் தேவை என்னும் வினாவுக்கு, அவற்றுள் ஒன்றை நீக்கிப் பார்த்த சோதனைகள் விடையளித்தன. சிட்னி குசுட்டுவின் குழுவினர் 1984 இல், அடினைலைல் மாற்றி நொதி இல்லாத சால்மோனெல்லா வகைகளை ஆராய்ந்தனர். நைட்ரசன் குறைந்த ஊடகத்திலிருந்து அமோனியா மிகுந்த ஊடகத்துக்கு மாற்றப்பட்டபோது அவற்றின் வளர்ச்சி பெரிதும் குன்றியது. உணவு பெருகியபோது பாக்டீரியா தளர்ந்தது என்பது முதலில் முரணாகத் தோன்றலாம்.

காரணம் பின்வருமாறு. தட்டுப்பாட்டுக் காலத்தில் உயிரணுவில் குளூட்டமின் சிந்தெடேசு மிகுதியாகச் சேர்ந்திருந்தது. அமோனியா வந்தவுடன் அவை அனைத்தும் தடையின்றி இயங்கி, இருப்பிலுள்ள குளூட்டமேட்டைக் குளூட்டமினாக மாற்றின. இதனால் குளூட்டமேட்டின் அளவு தாழ்ந்தது. மரபணுவை நிறுத்துவதால் மட்டும் இதனைத் தடுக்க இயலாது. ஏனெனில் ஏற்கனவே உருவான நொதிகள், உயிரணுக்கள் பிரிந்து பெருகப் பெருகவே நீர்த்துக் குறையும். அதற்குப் பல தலைமுறைகள் தேவைப்படலாம். அடினைலேற்றமோ மிக விரைவில் நடைபெற்றுவிடுகிறது. இவ்வாறு மரபணு நிலை மெதுவாகவும் நிலையாகவும், அடினைலேற்றம் விரைவாகவும், பின்னூட்டத் தடை உடனுக்குடனும் செயல்படுகின்றன.

இதே பாடம் காசநோயை உண்டாக்கும் மைக்கோபாக்டீரியம் டியூபர்குலோசிசிலும் காணப்படுகிறது. அதில் அடினைலைல் மாற்றியின் மரபணு இன்றியமையாதது என 2000 இல் அறியப்பட்டது. அதனை நீக்கினால் பாக்டீரியா வாழவில்லை. ஆனால் குளூட்டமின் சிந்தெடேசை ஒரு வேதிப்பொருளால் அடக்கிவைத்தால், அம்மரபணுவை நீக்கிய பாக்டீரியாவும் வாழ்ந்தது என்பது 2008 இல் வெளியானது. அதாவது அதனைக் கொன்றது நொதியின் குறைவன்று, அடங்காத நொதியே.

பிற பாக்டீரியாக்களில்

இம்முறை எல்லாப் பாக்டீரியாக்களுக்கும் பொதுவானதன்று. மண்ணில் வாழும் பாசில்லசு சப்டிலிசில் அடினைலேற்றம் இல்லை. அங்கு பின்னூட்டத்தால் தடுக்கப்பட்ட குளூட்டமின் சிந்தெடேசே, டிஎன்ஆர்-ஏ என்னும் மரபணு நெறிப்படுத்திப் புரதத்தைப் பிடித்துவைத்து, அது டி.என்.ஏவுடன் சேராமல் தடுக்கிறது. ஒரு வளர்சிதைமாற்ற நொதி தானே மரபணுக் கட்டுப்பாட்டில் பங்கேற்பதை 2001 இல் வெளியான இவ்வாய்வு காட்டியது. நீலப்பச்சைப் பாக்டீரியாவான சினெக்கோசிசுட்டிசில், சிறிய தடைப்புரதங்கள் நொதியுடன் பிணைந்து அதனைச் செயலிழக்கச் செய்கின்றன.

நைட்ரசன் நிலைநிறுத்தலுடன் தொடர்பு

காற்றிலுள்ள நைட்ரசனை அமோனியாவாக மாற்றும் பாக்டீரியாக்களுக்கு இந்நெறிப்படுத்தல் மேலும் முக்கியமானது. ஒரு நைட்ரசன் மூலக்கூறை மாற்ற நைட்ரசனேசு நொதிக்குக் குறைந்தது 16 அடினோசின் முப்பாசுபேட்டு தேவை. எனவே அமோனியா கிடைக்கும்போது இப்பாக்டீரியாக்கள் நைட்ரசனேசு உருவாவதை நிறுத்திவிடுகின்றன. ரோடோசுபைரில்லம் ரூப்ரம், அசோசுபைரில்லம் பிரேசிலென்சு ஆகியவற்றில் ஏற்கனவே உருவான நைட்ரசனேசின்மீதும் ஒரு வேதித்தொகுதி ஏற்றப்பட்டு அது செயலிழக்கிறது. இங்கும் பி-2 குடும்பப் புரதங்களே நைட்ரசன் நிலையைத் தெரிவிக்கின்றன.

அசோசுபைரில்லம் தமிழ்நாட்டில் நெல் முதலிய பயிர்களுக்கு உயிர் உரமாக இடப்படும் பாக்டீரியா ஆகும். இத்தகைய பாக்டீரியாக்கள் தாம் நிலைநிறுத்தும் நைட்ரசனைப் பெரும்பாலும் தம் வளர்ச்சிக்கே பயன்படுத்திக்கொள்கின்றன. தேவைக்கு மேல் அமோனியாவை உருவாக்கிப் பயிருக்கு வழங்குவதில்லை. இதற்கு மேற்கூறிய நெறிப்படுத்தலே காரணம். ஆகவே இதனைத் தளர்த்தி, அமோனியாவை வெளியிடும் பாக்டீரியா வகைகளை உருவாக்கும் முயற்சிகள் நடைபெற்றுள்ளன. நைட்ரசனேசை அடக்கும் மரபணுவும் அடினைலைல் மாற்றியின் மரபணுவும் மாற்றப்பட்ட கிளெப்சியெல்லா வகை ஒன்று, மக்காச்சோளத்துக்கான நுண்ணுயிர் உரமாக ஐக்கிய அமெரிக்காவில் பயன்பாட்டுக்கு வந்துள்ளது. எனினும் நெறிப்படுத்தலை இழந்த பாக்டீரியா, மண்ணிலுள்ள பிற நுண்ணுயிரிகளுடன் போட்டியிட்டு நிலைப்பது கடினம். பயிருக்குப் பயன் தரும் அளவுக்குத் தளர்த்துவதும், பாக்டீரியா வாழும் அளவுக்கு விட்டுவைப்பதும் இத்துறையின் முதன்மைச் சிக்கலாக உள்ளன.

மருத்துவ முக்கியத்துவம்

காசநோய்ப் பாக்டீரியா தன் குளூட்டமின் சிந்தெடேசை மிகுதியாக உருவாக்கி உயிரணுவுக்கு வெளியேயும் விடுகிறது. அதன் உயிரணுச்சுவரில் குளூட்டமேட்டும் குளூட்டமினும் கலந்த ஒரு பல்லுறுப்பியும் காணப்படுகிறது. இந்நொதியைத் தடுக்கும் மெத்தியோனின் சல்பாக்சிமின் என்னும் சேர்மம், வளர்ப்பு ஊடகத்திலும் கினிப்பன்றிகளிலும் இப்பாக்டீரியாவின் வளர்ச்சியைத் தடுத்தது. மனிதருக்கும் குளூட்டமின் சிந்தெடேசு இன்றியமையாதது என்பதால், பாக்டீரிய நொதியை மட்டும் தடுக்கும் சேர்மங்கள் தேடப்படுகின்றன. அடினைலைல் மாற்றி மனிதரிடம் இல்லை. ஆகவே அதுவும் மருந்துகளுக்கான இலக்காகக் கருதப்படுகிறது.